தோலைச் சீவலாமா, வேண்டாமா?

வேப்பந்தட்டைப் பக்கத்து மானாவாரி நிலங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. வீட்டு வேலியிலும் கூரையிலும் படர்பவையோ பீர்க்கும் சுரையும். ஆடிப் பட்டத்தில் ஊன்றிய விதை புரட்டாசியில் காய்த்துத் தொங்கும்போது அரிவாள்மனைக்கு முன்னால் ஒரு கேள்வி எழுகிறது. தோலைச் சீவிச் சமைப்பதா, தோலோடு சமைப்பதா?

ஒரு வீட்டில் பீர்க்கந்தோலைச் சீவி எறிவார்கள். அடுத்த வீட்டில் அதே தோலை உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியுடன் வதக்கித் துவையல் அரைப்பார்கள். எது சரி? இதற்கு விடை காண, தோல் எதற்காக இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

தோலின் வேலை

இக்காய்களின் எடையில் 100க்கு 90 பங்குக்கு மேல் நீர்தான். அந்த நீர் வெயிலில் ஆவியாகிவிடாமல் காப்பது தோல். அதன் வெளிப்புறத்தில் மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. சாம்பல் பூசணியைத் தொட்டால் கையில் ஒட்டும் வெண்பொடி இத்தகைய மெழுகே.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே காயிலிருந்து ஒரே அளவான இரண்டு துண்டுகள் நறுக்குங்கள். ஒன்றை மட்டும் தோல் சீவி, இரண்டையும் நிழலில் வையுங்கள். மறுநாள் எடை போட்டால் சீவிய துண்டு அதிகம் இளைத்திருக்கும்.

பிஞ்சும் முற்றலும்

பிஞ்சுக் காயின் தோலில் உள்ள உயிரணுக்களின் சுவர்கள் மெல்லியவை, வெந்தால் குழைந்துவிடும். காய் முற்ற முற்ற, மரத்துக்கு வலுவூட்டும் லிக்னின் என்ற பொருள் சுவர்களில் படிகிறது. முற்றிய சுரையின் ஓடு குடுவையாகப் பயன்படுவது இதனால்தான். பீர்க்கிலோ உள்ளிருக்கும் நார்களே வலைபோல் இறுகிவிடுகின்றன; காய்ந்த பீர்க்கங்கூட்டை உடம்பு தேய்க்கப் பயன்படுத்துகிறோம் அல்லவா?

எனவே சந்தையில் சுரைக்காயின் மேல் நகத்தை ஊன்றிப் பார்க்கும் பாட்டியின் சோதனை அறிவியலுக்கு ஒத்ததே. நகம் எளிதில் இறங்கினால் தோலைச் சீவ வேண்டியதில்லை. இறங்காவிட்டால் சீவுங்கள். பீர்க்கில் முகடுபோல் நிற்கும் வரிகளை மட்டும் செதுக்கினால் போதும். பச்சையமும் மஞ்சள் நிறமிகளும் சதையைவிடத் தோலில்தான் செறிந்துள்ளன. நார்ப்பொருளும் அதில் உண்டு. அவற்றை வீணாக்காத துவையல் நல்ல வழக்கமே.

தோலில் ஒட்டிய மண்ணும் மருந்துத் துகளும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலும் நீங்கும். செடிக்குள் ஊடுருவிப் பரவும் பூச்சிமருந்துகளோ சதையிலும் இருக்கும். சீவுவதால் அவை போகா. மருந்தடித்தபின் குறிப்பிட்ட நாள்கள் கழித்தே காய் பறிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

சீவினாலும் போகாத கசப்பு

சில வேளைகளில் சுரையோ பீர்க்கோ கடுமையாகக் கசக்கும். தோலை ஆழச் சீவினால் கசப்பு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். இது ஆபத்தான நம்பிக்கை.

இக்கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்னும் நச்சுப் பொருள்கள். பூசணிக் குடும்பத்தின் காட்டுக் கொடிகள் விலங்குகளிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள இவற்றைச் சுரக்கின்றன. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு ஆகியவை வாயில் வைக்க முடியாதபடி கசப்பது இதனால்தான். மனிதன் தலைமுறை தலைமுறையாகக் கசப்பற்ற கொடிகளின் விதையையே எடுத்து வைத்ததால் நமக்கு இன்றைய காய்கள் கிடைத்தன.

வேலியோரத்துப் பேய்ச்சுரையின் மகரந்தம் வீட்டுச் சுரைப் பூவில் சேர்ந்தால் என்ன ஆகும்? அந்தக் காய் கசக்காது. ஏனெனில் சதை தாய்க்கொடியினுடையது. உள்ளிருக்கும் விதைதான் கலப்பு. அதை அடுத்த பட்டத்தில் ஊன்றினால் முளைக்கும் கொடி கசப்புக் காய் காய்க்கலாம். கடும் வறட்சியும் வெப்பமும்கூடக் கசப்பை மிகுவிக்கும்.

இந்த நச்சு தோலில் மட்டுமன்றிச் சதையிலும் பரவியிருக்கும். கொதிக்க வைத்தாலும் அழியாது. 2010ஆம் ஆண்டில் தில்லியில் கசப்பான சுரைக்காய்ச் சாறு அருந்திய ஒருவர் உயிரிழந்தார். இதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழு இத்தகைய நிகழ்வுகளை ஆராய்ந்தது. வயிற்று வலி, வாந்தி, பேதி, இரத்த வாந்தி, இரத்த அழுத்தக் குறைவு ஆகியவை இந்நஞ்சின் அறிகுறிகள். கசக்கும் சாற்றை அருந்தவே கூடாது என்பது குழுவின் அறிவுரை. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் கசப்பான சுக்கினிக் காய் உண்டவர்கள் நோயுற்றனர். இந்நஞ்சுக்கென்று தனி மாற்றுமருந்து கிடையாது. அறிகுறி தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாகற்காய் கசப்பது அதன் இயல்பு. கசக்கக் கூடாத காய் கசப்பதுதான் எச்சரிக்கை.

ஆகவே, காயை நறுக்கியதும் அரிசியளவு துண்டை நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் வெல்லமோ புளியோ சேர்த்து மறைக்க முயலாமல் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். அதன் விதையையும் எடுத்து வைக்காதீர்கள். கசக்காவிட்டால் நகத்தால் ஊன்றிப் பாருங்கள். சீவுவதா வேண்டாமா என்பதை உங்கள் நகமே சொல்லிவிடும்.