சுவர் அரசுடையது, சிற்பம் யாருடையது?

விலை கொடுத்து வாங்கிய படைப்பை வாங்கியவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? கூடாது என்கிறது சட்டம். ஆனால் அந்தப் பதில் கிடைப்பதற்குள் கலைஞனுக்கு ஆயுசு போய்விடுகிறது.

புதுதில்லி விஞ்ஞான் பவனின் சுவருக்கு ஒரு பிரம்மாண்டமான வெண்கலச் சிற்பம் செய்து தரும்படி 1957இல் மத்திய அரசு அமர்நாத் சேகலைக் கேட்டுக்கொண்டது. சேகலுக்கு அப்போது வயது 35. வேலையை முடிக்க ஐந்து ஆண்டுகள் பிடித்தன. சுமார் 140 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்ட அந்தச் சுவர்ச் சிற்பம், மாநாட்டு மண்டபத்துக்கு வந்துபோகிற எவர் கண்ணுக்கும் தப்பாது. நாட்டின் கலைச் செல்வங்களில் ஒன்று என்று அது பெயர் வாங்கியது.

1979இல் மண்டபத்தைப் புதுப்பித்தபோது சிற்பத்தைப் பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். செய்தவரிடம் அனுமதி கேட்கவில்லை. பெயர்த்ததில் சிற்பம் சேதமடைந்தது. சில பகுதிகள் காணாமலே போயின. சேகல் மனு மேல் மனுவாகப் போட்டார். பலனில்லை. 1992இல், எழுபதாவது வயதில், தில்லி உயர் நீதிமன்றத்தின் படியேறினார்.

அரசின் வாதம் எளிமையானது. சிற்பத்துக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. கட்டடமும் அரசுடையது, சிற்பமும் அரசுடையது. சொந்தப் பொருளை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய யாரைக் கேட்க வேண்டும்? வீட்டுக்கு மேஜை வாங்குகிறவர் தச்சரிடம் அனுமதி கேட்டா அதை இடம் மாற்றுகிறார்?

ஆனால் காப்புரிமைச் சட்டம் சிற்பத்தை மேஜையாகப் பார்ப்பதில்லை. தற்செயலாக, சேகலுக்கு அழைப்பு வந்த அதே 1957இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, படைப்பாளிக்கு இரண்டு தார்மிக உரிமைகளைத் தருகிறது. ஒன்று, இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை. மற்றது, தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் நஷ்டஈடு கேட்கவும் உள்ள உரிமை. காப்புரிமையையே முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டாலும் இவை இரண்டும் படைப்பாளியிடமே தங்கிவிடும். பொருள் கைமாறும், இந்த உறவு மாறாது.

2005 பிப்ரவரியில் நீதிபதி பிரதீப் நந்திரஜோக் வழங்கிய தீர்ப்பு இந்தப் பிரிவுக்கு உயிர் கொடுத்தது. ஒரு படைப்பை அழிப்பது சிதைப்பதன் உச்சகட்டம். அது கலைஞனின் மொத்தப் படைப்புலகத்தைக் குறைக்கிறது, அதன்மூலம் அவன் புகழையும் குறைக்கிறது என்றது நீதிமன்றம். நாட்டின் கலைப் பாரம்பரியத்தைக் காக்கும் கடமை அரசுக்கு இருப்பதையும் நினைவூட்டியது. மிஞ்சிய பகுதிகளைச் சேகலிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

வெற்றிதான். ஆனால் கணக்குப் பார்த்தால் கசக்கிறது. சிற்பம் கழற்றப்பட்டதிலிருந்து வழக்கு வரை 13 ஆண்டுகள். வழக்கிலிருந்து தீர்ப்பு வரை இன்னொரு 13 ஆண்டுகள். தீர்ப்பு வந்தபோது சேகலுக்கு வயது 83. 2007 டிசம்பரில் அவர் காலமானார்.

இடித்தால் குற்றமில்லை

அந்தத் தீர்ப்பின் பலம் எவ்வளவு என்பதை அதே தில்லியில் இன்னொரு வழக்கு சோதித்தது. பிரகதி மைதானத்தில் 1972இல் எழுந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ், கட்டடக் கலைஞர் ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் சேர்ந்து கான்கிரீட்டில் சாதித்த அதிசயம். 2017 ஏப்ரலில் ஓர் இரவில் அது இடிக்கப்பட்டது. அந்த வளாகத்தில் எழுந்த பாரத் மண்டபம் 2023 ஜூலையில் திறக்கப்பட்டது.

ரேவல் அதே 57ஆவது பிரிவை நம்பி வழக்குப் போட்டார். 2019 மே மாதம் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. தன் நிலத்தில் உள்ள கட்டடத்தை இடிக்கும் உரிமையாளரின் உரிமையை கட்டடக் கலைஞர் தடுக்க முடியாது. முழுவதும் இடிந்த பிறகு கண்ணில் படுவதற்கு ஒன்றுமே இல்லை, எனவே அவர் பெயர் கெடவும் வழியில்லை என்பது தீர்ப்பின் சாரம். சிலை வேறு, கட்டடம் வேறு என்பது உண்மைதான். இருந்தாலும் கலைஞர்களின் காதில் இது எப்படி ஒலிக்கும்? கையை உடைத்தால் குற்றம், ஆளையே தீர்த்துவிட்டால் குற்றமில்லை!

சட்டத்தில் வேறு சந்துகளும் உண்டு. படைப்பைக் காட்சிக்கு வைக்கவில்லை என்பதற்காகவோ, தனக்குத் திருப்தியாக வைக்கவில்லை என்பதற்காகவோ கலைஞன் வழக்குப் போட முடியாது. சேதமின்றிக் கிடங்கில் பூட்டி வைத்தால் 57ஆவது பிரிவு வாய் திறக்காது.

எழுதாமல் விட்டது

அதனால்தான் வேலை தொடங்கும் முன்பே எழுதிக்கொள்வது முக்கியமாகிறது. காப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்தே ஆண்டுகள். எந்தெந்த நாடுகளில் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இது கலைஞனுக்குச் சாதகம்.

பாதகமும் இருக்கிறது. ஒருவர் காசு கொடுத்து உருவப்படம் வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் காப்புரிமையின் முதல் சொந்தக்காரர் வரைந்தவர் அல்ல, வரையச் சொன்னவர். புகைப்படத்துக்கும் இதே கதிதான். அந்தப் படத்தை வாழ்த்து அட்டையில் அச்சடித்து விற்றால் ஓவியருக்குச் சல்லிக்காசு வராது. காப்புரிமையின் முதல் சொந்தக்காரராக இருந்த ஓவியருக்கும் சிற்பிக்கும், அசல் படைப்பு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும்போது அதிகபட்சம் பத்து சதவீதம் வரை பங்கு உண்டு என்று 1994 திருத்தம் சொல்கிறது. இப்படி ஒன்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அருங்காட்சியகங்களும் ஆவணக் காப்பகங்களும் இதே பாடத்தை மறுபக்கத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. ஓவியத்தை வாங்கியதாலேயே அதைத் தபால் அட்டையாகவோ இணையத்திலோ வெளியிடும் உரிமை வந்துவிடாது. கலைஞர் இறந்து 60 ஆண்டுகள் வரை அந்த உரிமை அவருடைய வாரிசுகளிடமோ, எழுதி வாங்கியவர்களிடமோ இருக்கும். 1941இல் மறைந்த அம்ரிதா ஷேர்கில்லின் ஓவியங்களுக்கு அந்தக் காலம் 2001 இறுதியில் முடிந்தது. அவருக்குப் பின் வந்தவர்கள் பலருக்கு இன்னும் முடியவில்லை.

நாட்டுப்புறப் பாடகரின் குரலைப் பதிவு செய்கிற காப்பகத்துக்கு இரண்டு சம்மதங்கள் தேவை. பாட்டை நிகழ்த்தியவர் என்ற முறையில் அவருக்கு 50 ஆண்டு உரிமை உண்டு. அவருடைய பெயர், ஊர், சாதி, தொலைபேசி எண் போன்ற விவரங்கள் டிஜிட்டல் பதிவேட்டில் ஏறினால் அது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் எல்லைக்குள் வருகிறது. ஆராய்ச்சிக்கும் ஆவணக் காப்புக்கும் அச்சட்டம் நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கிறது. அதைச் சாக்காக வைத்துப் பாடகரின் விலாசத்தை ஊருக்கே விநியோகிக்க முடியாது.

படைப்பை அகற்ற நேர்ந்தால் எத்தனை நாள் முன்பு தெரிவிப்பது, யார் முன்னிலையில் கழற்றுவது, வைக்க இடமில்லை என்றால் யாரிடம் ஒப்படைப்பது, படம் எடுத்து வெளியிட்டால் யாருக்கு என்ன தருவது: இவ்வளவையும் ஒப்பந்தத்தில் சேர்க்க அரைப் பக்கம் போதும். அதை எழுத அரை மணி நேரம் ஆகலாம். சேகலுக்கு 26 ஆண்டுகள் ஆயின.