பால்சுறா

கடற்காற்றுப் படாத திண்டுக்கல் சமவெளியில் வாழும் நமக்குச் சுறா என்றவுடன் புட்டும் கருவாடுமே நினைவுக்கு வரும். பிள்ளை பெற்ற தாய்மார்க்குப் பால் சுரக்கும் என நம்பி நம்மவர் சமைத்துக் கொடுக்கும் சுறாக்களுள் பால்சுறாவும் ஒன்று. அதன் பெயரும் அந்நம்பிக்கையால் வந்தது போலும்.

சுறா என்றால் ஆளை விழுங்கும் என்று அஞ்சுவோர் பலர். பால்சுறாவோ பெரும்பாலும் 1 மீட்டர் அளவே வளரும் சிறுமீன். முதுகு சாம்பல் நிறமாகவும் வயிறு வெண்மையாகவும் இருக்கும். மூக்கு நீண்டு கூர்ந்திருக்கும். சிறுமீன், கணவாய், இறால் ஆகியவை அதன் உணவு.

ஆப்பிரிக்காவின் மேலைக் கரை முதல் ஆஸ்திரேலியா வரை வெப்பக் கடல்களில் இது வாழ்கிறது. நம் நாட்டில் மன்னார் வளைகுடாவிலும் சோழமண்டலக் கரையிலும் உண்டு. ஆழ்கடலைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. கரையை அடுத்த மணற்பாங்கான கடலடியில், கலங்கிய நீரிலும் இது இரை தேடும். ஆகவே தூண்டிற்காரர் மீன்துண்டையோ கணவாயையோ முள்ளிற் கோத்துத் தரையருகே தாழ்த்துவர். ஆயினும் இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே மீன் பிடித்தல் கூடாது.

மாணவர்களே, நம் ஊர்க் குளத்துக் கெண்டை ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். பலவற்றைப் பிடித்தாலும் எஞ்சியவை குளத்தை நிரப்பிவிடும். பால்சுறா அத்தகையதன்று. அது முட்டையிடாமல் குட்டி ஈனுகிறது. குட்டிகள் கொடி வழியே உணவு பெற்று, ஏறக்குறைய ஓராண்டு தாய் வயிற்றில் வளர்கின்றன. ஓர் ஈற்றில் பிறப்பவை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்தே. தாயைப் பிடித்தால் அவையும் உடன் மாயும். பிடிப்பு மிகுந்து தொகை குறைந்தமையால், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இதனை அழிவுக்கு ஆட்படக்கூடிய உயிர்களுள் சேர்த்தது.

இவ்வகையில் வலையினும் தூண்டில் மேலானது என்பது என் கருத்து. வலையிற் சிக்கிய குட்டி நீந்த இயலாது திணறி இறக்கும். தூண்டிலிற் பட்டதையோ உயிருடன் விடலாம். விடுவோர் அதனை நீரிலிருந்து நெடுநேரம் வெளியே வைத்திருத்தல் ஆகாது. பற்கள் கூரியன, ஆதலின் வாயருகே கையைக் கொண்டு செல்லாமல், முள்ளை ஒட்டிக் கயிற்றை அறுத்துவிடுதலே தக்கது.