ராயபுரத்துத் தலையும் கில்மார்னக் கட்டைவிரலும்

1952 ஆகஸ்ட் மாதக் கடைசி. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த போட் மெயிலில், மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றில் நாற்றம் தாங்கவில்லை என்று பயணிகள் புகார் சொன்னார்கள். மானாமதுரையில் வண்டி நின்றதும் இருக்கைக்கு அடியில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத ஓர் ஆண் உடல்.

மானாமதுரை அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை நடந்தது. இறந்தவருக்கு வயது 25 இருக்கலாம் என்றார் மருத்துவர். சுன்னத் செய்யப்பட்டிருந்ததால் முஸ்லிமாக இருக்கலாம் என்று போலீஸ் நினைத்தது. இரண்டுமே தவறு. அதை நம்பியே தேடியிருந்தால், காணாமல் போன முஸ்லிம் இளைஞன் எவனாவது அந்தப் பெட்டிக்குள் பொருத்தப்பட்டிருப்பான். அவனுக்கு விரோதி ஒருவனும் கிடைத்திருப்பான்.

இதே சமயம் சென்னையில் ஆளவந்தார் என்ற வியாபாரியைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். வயது 42. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்தில் வேலை பார்த்தவர். சைனா பஜாரில் ஜெம் அண்ட் கோ பேனாக் கடையில் ஓர் ஓரமாக இடம் வாங்கி பிளாஸ்டிக் சாமான் விற்றுவந்தார். ஆகஸ்ட் 28-ஆம் தேதி கடையிலிருந்து போனவர் திரும்பவில்லை. விசாரணை ராயபுரம் சிமெட்ரி ரோட்டில், பிரபாகர மேனன் – தேவகி தம்பதி குடியிருந்த வீட்டு வாசலுக்குப் போய் நின்றது. வீடு பூட்டிக் கிடந்தது. சில நாட்களில் ராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது.

தலையும் உடலும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜுக்கு வந்தன. அங்கே டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணா இரண்டையும் வைத்துப் பார்த்து, ஒரே ஆளுடையவைதான் என்றார். வயது 42-லிருந்து 45-க்குள் என்றும் சொன்னார்.

ஆளவந்தார் கொலை வழக்கைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுபது வருஷமாக எழுதுகின்றன. பெரும்பாலும் கள்ளக்காதல் கதையாகத்தான். எனக்கென்னவோ அந்தப் பதினேழு வருஷ வித்தியாசம்தான் சுவாரசியமாகப் படுகிறது. படித்த மருத்துவர் ஒருவர் 42-ஐ 25 என்று எப்படிச் சொல்ல முடிந்தது?

எலும்பு ஒரு கட்டம் வரைக்கும்தான் காலண்டர் காட்டும். கை கால் எலும்புகளின் நுனிகள் குழந்தைப் பருவத்தில் தனித்தனித் துண்டுகள். நடுத்தண்டோடு அவை ஒட்டும் வயது ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறையத் தெரியும். கடைசியாக ஒட்டுவது காறை எலும்பின் உள்முனை, அதாவது மார்பெலும்பை ஒட்டிய பக்கம். அது இருபதுகளின் கடைசிக்குள் முடிந்துவிடும். அதற்கப்புறம் எலும்பு புதிதாக எதையும் கட்டிக் காட்டாது. தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும்: பல் தேய்ந்த அளவு, மண்டையோட்டின் தையல் கோடுகள் மூடிய அளவு, இடுப்பெலும்பின் முகப்பு கரடுமுரடான அளவு. இதில் பல்லும் மண்டையோடும் மானாமதுரைக்குப் போகவே இல்லை. போனதோ, ஆகஸ்ட் வெக்கையில் இரும்புப் பெட்டிக்குள் அடைந்து அழுகிய உடல். குடலிலுள்ள பாக்டீரியாக்கள் வாயுவை நிரப்பி உடலை உப்ப வைத்திருக்கும். தோல் இழுபட்டு, சுருக்கமோ தளர்ச்சியோ தெரியாது. அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வயதை அவர் இன்னும் கொஞ்சம் தயங்கிச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

தலையையும் உடலையும் பொருத்துவதில் ஒரு வசதி உண்டு. மனிதக் கழுத்தில் எலும்புகள் ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு, சுண்டெலிக்கும் ஏழு. பாலூட்டிகளில் தேவாங்கு போல மரத்தில் தொங்கும் ஸ்லாத்தும் கடற்பசுக் குடும்பத்து மானட்டியும்தான் விலக்கு. ஆகவே தலையோடு எத்தனை வந்தது, உடலோடு எத்தனை தங்கியது என்று எண்ண வேண்டும். கூட்டினால் ஏழு வர வேண்டும்; வெட்டு விழுந்த எலும்பின் இரண்டு முகமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

ஆனால் தலையும் உடலும் ஒருவருடையவை என்பது வேறு, அந்த ஒருவர் ஆளவந்தார் என்பது வேறு. மனைவி அடையாளம் காட்டினார். அதோடு, ராணுவத்தில் இருந்தவர் என்பதால் ஆளவந்தாரின் கைரேகை பழைய கோப்பில் இருந்தது. பிணத்தின் விரல்களோடு அது ஒத்துப்போனது.

அழுகிய கையில் எப்படி ரேகை எடுப்பது? மேல்தோல் உரிந்து, கையுறை போலக் கழன்று வந்துவிடுவது உண்டு. தடயவியல்காரர்கள் அதை அலம்பி, பதப்படுத்தி, ரப்பர் உறை மாட்டிய தங்கள் விரலின் மேல் அந்தத் தோலைச் செருகிக்கொண்டு, மையில் உருட்டிக் காகிதத்தில் பதிப்பார்கள். செத்தவர் தோலுக்குள் உயிரோடிருப்பவரின் விரல்! மேல்தோலே கிடைக்கவில்லை என்றாலும் போச்சு என்று விட்டுவிட வேண்டியதில்லை. அதே வரிகள் அடித்தோலிலும் இருக்கின்றன; அங்கே ஒவ்வொரு வரியும் இரட்டை வரிசையாகத் தெரியும்.

இந்த வரிகள் தாயின் வயிற்றில் ஏறத்தாழ மூன்றாவது, நான்காவது மாதத்தில் உருவாகின்றன. எப்படி என்பது 2023-இல்தான் தெளிவாகத் துலங்கியது. எடின்பரோ ஆய்வாளர்கள் கண்டது இது: சிசுவின் விரல் தோலில் ஒரு வேதி சமிக்ஞை வரியைத் தூண்டுகிறது, இன்னொன்று அதை அடக்குகிறது. இரண்டும் மோதிக்கொள்கிற இழுபறியில் மேடும் பள்ளமும் மாறி மாறி எழும்புகின்றன. விரல் நுனியின் நடுவில் ஓர் அலை, நகத்தடியில் ஓர் அலை, மடிப்பில் ஓர் அலை என்று மூன்று இடத்தில் தொடங்கிப் பரவி, சந்திக்கும் இடங்களில் நெளிந்து கிளைக்கின்றன. விரலின் பருமன், அலை கிளம்பிய நேரம் இவற்றில் நூலளவு மாறினாலும் கோலம் மாறிவிடும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்குக்கூட ரேகை வேறாக இருப்பது இதனால்தான்.

இந்த இழுபறிக் கணக்கை முதலில் எழுதியவர் கணினியின் தந்தை என்று நாம் படிக்கிற ஆலன் டியூரிங். அந்தக் கட்டுரை அச்சானது 1952 ஆகஸ்ட் 14 அன்று, ஆளவந்தார் காணாமல் போவதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு. டியூரிங்கும் அந்த வருஷம் தண்டனை பெற்றவர்தான். இன்னொரு ஆணோடு உறவு கொண்டதற்காக மார்ச் மாதம் இங்கிலாந்து நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மன்னிப்பு 2013-இல் வந்தது. அவர் 1954-லேயே இறந்துவிட்டிருந்தார்.

ரேகை தனித்தன்மையானது என்பதில் சந்தேகமில்லை. சிக்கல், கொலை நடந்த இடத்தில் முழு ரேகை யாரும் வைத்துவிட்டுப் போவதில்லை என்பதில் இருக்கிறது. கிடைப்பது பாதி தேய்ந்த, வழுக்கிய, தூசி படிந்த ஒரு துண்டு. அதில் எந்த வரி முடிகிறது, எது கிளை பிரிகிறது என்று ஒரு மனிதர் லென்ஸை வைத்துக்கொண்டு பார்த்து முடிவு சொல்கிறார். அந்த மனிதர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு போலீஸ்காரியின் கதை இருக்கிறது.

1997 ஜனவரியில் கில்மார்னக் என்ற ஊரில் மேரியன் ராஸ் என்ற பெண் தன் வீட்டில் கொலையானார். விசாரணைக் குழுவிலிருந்த துப்பறியும் காவலர் ஷெர்லி மெக்கி. குளியலறைக் கதவு நிலையில் கிடைத்த ஒரு தடம் மெக்கியின் இடது கட்டைவிரல் என்றது ஸ்காட்லாந்தின் ரேகைப் பிரிவு. நான் அந்த வீட்டுக்குள் கால் வைக்கவே இல்லை என்றார் மெக்கி. யாரும் நம்பவில்லை. உடன் வேலை பார்த்தவர்களே 1998-இல் அவரைக் கைது செய்தார்கள். நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொன்னார் என்பது குற்றச்சாட்டு. 1999-இல் பேட் வெர்த்தைம் என்ற அமெரிக்க நிபுணர் புதிதாக உட்கார்ந்து பார்த்து, இது மெக்கியின் விரலே இல்லை என்றார். அந்த மே மாதம் நடுவர்கள் ஒருமனதாக அவரை விடுவித்தார்கள். ராஸைக் கொன்றதாக டேவிட் அஸ்பரி என்ற இளைஞர் தண்டனை பெற்றிருந்தார். அவருக்கு எதிராக நின்றதும் ஒரு ரேகைதான், அவர் வீட்டு டப்பாவில் ராஸின் விரல் பதிந்திருக்கிறது என்று. அதுவும் பொய்த்தது. 2002-இல் அவர் தண்டனை ரத்தானது. ராஸைக் கொன்றது யார் என்று நிரூபணமாகவில்லை.

தொலைக்காட்சித் தொடர் என்றால், பழி சுமந்த துப்பறிவாளர் வெளியே வந்து, மறுபடி பணியில் சேர்ந்து, வாரத்துக்கு ஒரு கொலையைக் கண்டுபிடிப்பார். மெக்கி பணிக்குத் திரும்பவில்லை. 2006-இல் 7,50,000 பவுண்ட் இழப்பீடு தந்தார்கள். பழியிலிருந்து மீள்வதற்கும் பழைய வாழ்க்கைக்கு மீள்வதற்கும் நடுவில் உள்ள தூரம் சென்னைக்குத் தெரியாததல்ல. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-இல் ஆயுள் தண்டனை பெற்ற நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1947-இல் விடுதலையானார்கள். கலைவாணர் கிருஷ்ணன் எழுந்துவிட்டார். பாகவதருக்குப் பழைய சிம்மாசனம் கிடைக்கவில்லை.

மெக்கி வழக்கில் ஒரு நிபுணர் அல்ல, பலர் அந்தத் தடத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டிருந்தார்கள். பிறகு எப்படி? 2006-இல் இட்டியல் டிரோர் என்ற உளவியலாளர் ஒரு சோதனை வெளியிட்டார். ஐந்து ரேகை நிபுணர்களிடம் ஆளுக்கொரு ஜோடி ரேகையைக் கொடுத்து, இது எஃப்.பி.ஐ. தவறாகப் பொருத்திய பிரபலமான ஜோடி என்று சொல்லிவைத்தார்கள். உண்மையில் அவை அந்தந்த நிபுணரே பல வருஷங்களுக்கு முன் 'பொருந்துகிறது' என்று முடிவு சொன்னவை. இப்போது மூவர் பொருந்தவில்லை என்றார்கள். ஒருவர் சொல்ல முடியாது என்றார். ஒரே ஒருவர் பழைய முடிவில் நின்றார். காதில் விழுந்தது கண்ணை மாற்றிவிட்டது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். 2011-இல் அமெரிக்காவில் 169 நிபுணர்களை வைத்து நடந்த ஆய்வில், வேறு வேறு ஆட்களின் ரேகைகளைப் பொருந்துகிறது என்று தவறாகச் சொன்னது 0.1 சதவீதம்தான். மிகக் குறைவு. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இன்னொன்று: அந்தத் தவறுகளில் எதையும் இருவர் சேர்ந்து செய்யவில்லை. முதலாமவர் சொன்னது தெரியாமல் இன்னொருவர் பார்த்திருந்தால், அத்தனையும் பிடிபட்டிருக்கும்.

ரேகை சொல்வதற்கு மேல் எதையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளாத நிதானத்தை நம் நாட்டுப் பழைய வழக்கு ஒன்றில் பார்க்கலாம். 1897-இல் வங்காளத்தின் ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளரைக் கழுத்தறுத்துக் கொன்று பெட்டியைச் சூறையாடியிருந்தார்கள். சமையல்காரரின் துணியில் ரத்தக்கறை. எஜமானர் சாப்பாட்டுக்குப் புறா அறுத்தேன் என்றார் அவர். வேதிப் பரிசோதகர் பார்த்து, அவர் சொன்னது சரி என்றார். பறவையின் சிவப்பணு நீள்வட்டமாக, உள்ளே கருவோடு இருக்கும். மனிதனுடையது கரு இல்லாத வட்டம். (வேதிப் பரிசோதகருக்கென்று இந்தியாவில் முதல் ஆய்வகம் அமைந்தது சென்னையில், 1849-இல்.) பெட்டியிலிருந்த ஒரு வங்காளிப் பஞ்சாங்கத்தின் அட்டையில் ரத்தம் தோய்ந்த விரல் தடம் இருந்தது. அது, முன்பு திருட்டுக்காகத் தண்டனை பெற்ற பழைய வேலைக்காரன் காங்காலி சரணின் வலது கட்டைவிரல் என்று போலீஸ் கோப்பு காட்டியது. நீதிமன்றம் 1898-இல் திருட்டுக்கு மட்டும் தண்டனை கொடுத்தது, கொலைக்குக் கொடுக்கவில்லை. விரல் பெட்டியைத் தொட்டது என்பதற்குத்தான் பஞ்சாங்கம் சாட்சி. கழுத்தை அறுத்தது யார் என்று அதற்குத் தெரியாது.

அடுத்த வருஷமே, 1899-இல், இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விரல் ரேகையும் சேர்ந்தது. அந்தப் பிரிவின்படி நிபுணர் சொல்வது ஒரு கருத்து. மற்றச் சாட்சியங்களோடு வைத்து எடைபோட வேண்டியது. ரேகையைக் கருத்தாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், மறுக்க முடியாத உண்மையாக அல்ல என்று மெக்கி விவகாரத்தை விசாரித்த ஆணையம் ஸ்காட்லாந்துக்குப் பரிந்துரைத்தது 2011-இல்.

ராயபுரத்து ஆளவந்தார் வழக்கு 1953-இல் நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர் முன்னால் நடந்தது. மேனனுக்கு ஏழு வருஷம், தேவகிக்கு மூன்று வருஷம். தூக்குத் தண்டனை வரும் என்று எதிர்பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

இன்று இந்தியக் காவல்துறையின் தேசிய ரேகைக் களஞ்சியத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் ரேகைகள் உள்ளன. கணினி சில நொடிகளில் ஒரு பட்டியல் தரும். அதிலிருந்து ஆளைப் பொறுக்குவது மனிதர்தான். களஞ்சியம் பெருகப் பெருக, குற்றவாளியுடையது போலவே தோன்றும் நிரபராதியின் ரேகை பட்டியலில் ஏறும் வாய்ப்பும் பெருகும். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் எஃப்.பி.ஐ. கணினி கொடுத்த 20 பேர் பட்டியலில் நான்காவதாக இருந்த அமெரிக்க வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்ட், இரண்டு வாரம் அடைபட்டது அப்படித்தான். டிரோர் தவறாகப் பொருத்திய ஜோடி என்று சொன்னது இவர் வழக்கைத்தான். அந்த ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்த பிறகு விட்டார்கள்.

அதற்குப் பின் வந்த ஒரு நடைமுறை எளிமையானது. சம்பவ இடத்துத் தடத்தை மட்டும் முதலில் நிபுணர் கையில் கொடுப்பது. அதிலுள்ள முனை, கிளை எல்லாவற்றையும் அவர் குறித்துக் கையெழுத்திட்ட பிறகே சந்தேக நபரின் ரேகையைக் காட்டுவது. இரண்டாவது நிபுணருக்கு முதலாமவர் முடிவைச் சொல்லாமல் இருப்பது. பெரிய செலவு ஒன்றுமில்லை. ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் ரேகை நிபுணர் கூண்டில் ஏறும்போது, நம் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் எத்தனை புள்ளிகள் பொருந்தின என்றுதான் கேட்கிறார்கள். சரிபார்த்தவருக்கு முன்னவரின் விடை தெரியுமா என்று கேட்கலாம். 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 39-ஆம் பிரிவும் நிபுணர் சொல்வதைக் கருத்து என்றுதான் சொல்கிறது.