பல்லை மட்டும் எண்ணாதீங்க, ஈறையும் பாருங்க

தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு சொல்வாங்க. காசு கொடுத்து வாங்குற மாட்டை? கட்டாயம் பார்க்கணும். ஆனால் நம்மில் பலர் பல்லை எண்ணியதும் மாட்டின் வாயை விட்டுவிடுகிறோம். பல்லைச் சுற்றியுள்ள ஈறைக் கவனிப்பதில்லை. பல் ஆண்டுக்கணக்கைச் சொல்லும் என்றால், ஈறு மாதக்கணக்கைச் சொல்லும். மாட்டுக்கு இப்போது எந்தத் தீனி தேவை என்பதையும் சொல்லும்.

மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. அந்த இடத்தில் கெட்டியான திண்டு போன்ற சதைதான் இருக்கும். கீழ்த்தாடையில் 8 முன்பற்கள். கன்றுக்கு மொத்தம் 20 பால்பற்கள், வளர்ந்த மாட்டுக்கு 32 பற்கள்.

பிறந்த கன்றின் வாயைத் திறந்து பாருங்கள். முன்பற்களின் மேல் ஈறு சிவந்து, புசுபுசுவென்று பாதி மூடியிருக்கும். நாளாக ஆக அது கீழே இறங்கும். ஒரு மாதத்துக்குள் எட்டுப் பல்லும் வெளியே தெரியும், ஈறும் இறுகிவிடும்.

அடுத்த மாற்றம் இரண்டு வயதை ஒட்டித் தொடங்கும். அடியிலிருந்து நிலைப்பல் மேலே வர வர, பால்பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பல் ஆடும். அந்த இடத்து ஈறு மட்டும் தடித்து, சிவந்து, ஓரம் மழுங்கித் தெரியும். பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வருவதாகத்தான் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. வரும் பல்லுக்கு மேலே இருக்கும் சதை தானாகவே கரைந்து வழிவிடுகிறது. பல்லை மூடியிருந்த மெல்லிய உறையும் ஈறின் மேல்தோலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு திறக்கின்றன. அதனால்தான் பெரிதாக ரத்தம் வருவதில்லை. பால்பல் விழும்போது ஒரு சொட்டு வந்தால் பயப்பட வேண்டாம்.

புதுப்பல் முதலில் கொஞ்சம் சாய்ந்துதான் எட்டிப் பார்க்கும். முழுதாக ஏறியபின் நிமிர்ந்து நிற்கும். அப்போது ஈறு அதன் கழுத்தைச் சுற்றி வயலுக்கு வரப்பு கட்டியதுபோல இறுகப் பிடித்துக்கொள்ளும். அழுக்கும் கிருமியும் உள்ளே இறங்காமல் தடுப்பது அந்த வரப்புதான்.

சந்தையில் பல் போடாதது, ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று சொல்வார்கள். நாட்டு மாடுகளில் ரெண்டு பல் சுமார் இரண்டு, இரண்டரை வயதில் வரும். நாலு பல்லுக்குச் சுமார் மூன்று வயது, ஆறு பல்லுக்கு நான்கு, கடை சேர ஐந்து வயதாகும். கலப்பின மாடுகள் சில மாதம் முந்திக்கொள்ளும்.

இங்கேதான் ஈறு உதவும். இரண்டு மாடுகளுமே ‘ரெண்டு பல்’ என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் புதுப்பல்லைச் சுற்றி ஈறு இன்னும் தடித்திருக்கிறது. அது இப்போதுதான் பல் போட்டது. இன்னொன்றில் அந்த ஈறு இறுகிவிட்டது, பக்கத்துப் பால்பல்லின் அடி வீங்கியிருக்கிறது. அது நாலு பல்லாகப் போகிறது. இரண்டுக்கும் பல மாத வித்தியாசம் இருக்கும். ஈறு இறங்கி, பல்லின் கழுத்து நீண்டு, நடுவில் சந்து விழுந்திருந்தால் வயதான மாடு. பால்பல் இருந்த இடம் கிழிந்து புண்ணாக இருந்து, புதுப்பல்லின் முனையும் தெரியவில்லையா? அது தானாக விழுந்த பல்தானா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

வாங்குவதைவிட முக்கியமானது வளர்ப்பு. முன்பல் எட்டோடு, நம் கண்ணுக்குத் தெரியாத கடைவாயில் 12 பால்பற்களும் மாறுகின்றன. அதே காலத்தில்தான் காளையை ஏருக்கும் வண்டிக்கும் பழக்குகிறோம், கிடாரி முதல் சினை பிடிக்கிறது. மாடு மெதுவாகத் தின்றால், மென்றதை உருண்டையாகக் கீழே போட்டால், ‘கொழுப்பு’ என்று அடிக்காதீர்கள். வாய் வலிக்கலாம்.

சோளத்தட்டை முழுசாகப் போடாமல் பொடியாக நறுக்கிப் போடுங்கள். வைக்கோலில் தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள். பசும்புல்லைக் கூட்டுங்கள். புண்ணாக்கை ஊறவைத்துத் தவிட்டோடு கலந்து கொடுங்கள். தாது உப்பை நிறுத்தாதீர்கள். ஆடும் பல்லைக் குறடு போட்டுப் பிடுங்க வேண்டாம். பல் முளைப்பதற்கென்று தனி மருந்தும் தேவையில்லை.

ஆனால் எல்லா வீக்கமும் பல் முளைப்பு அல்ல. பல் முளைக்கும் வீக்கம் அந்தப் பல்லடியோடு நிற்கும், காய்ச்சல் இருக்காது. நாக்கிலும் ஈறிலும் கொப்புளம், நூல்போல எச்சில், காய்ச்சல், குளம்பில் புண் என்றால் கோமாரியாக இருக்கலாம். மாட்டைத் தனியே கட்டி, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். ஈறு வெளிறிக் கிடந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது, குடற்புழுவோ உண்ணியோ காரணமாகலாம். தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல எச்சில் வடிக்கும் மாட்டின் வாயில் மட்டும் வெறுங்கையை விடாதீர்கள். வெறிநோயாக இருந்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து.

உங்கள் தொழுவத்தில் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிறந்த தேதி, ஈறு தடித்த மாதம், ஒவ்வொரு சோடி பல் வந்த மாதம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். நாலைந்து கன்றுகள் வளர்ந்ததும், உங்கள் ஊர் மாட்டுக்கு, உங்கள் தீனிக்கு, எந்த வயதில் எந்தப் பல் வரும் என்ற கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும்.