வேதாகமத்துத் தீட்டும் வேணாட்டுத் தீட்டும்

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. அதற்கு வடக்கே நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. இதன் எல்லைக் கிராமங்களில் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாகப் புழங்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல உண்டு. லண்டன் மிஷன் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபையாரும், 1996ல் தனி மறைமாவட்டம் பெற்ற நெய்யாற்றின்கரைக் கத்தோலிக்கரும் இங்கே அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்.

இந்த வீடுகளில் இன்றும் மறையாத ஒரு சொல் 'தீட்டு'. பேறு நடந்தால் தீட்டு, சாவு விழுந்தால் தீட்டு, மாதவிலக்கும் தீட்டு. இளையவர்கள் காரணம் கேட்டால், "வேதத்திலேயே இருக்கிறதே!" என்பார்கள் பெரியவர்கள். அது உண்மைதான். தமிழ் வேதாகமத்தின் லேவியராகமத்தில் இதே சொல்தான் வருகிறது. ஆனால் சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றே என்று கொள்ளலாமா?

இஸ்ரவேலரின் முறை

லேவியராகமம் 12ஆம் அதிகாரத்தின்படி, ஆண் குழந்தை பெற்றவளுக்கு 7 நாளும் 33 நாளுமாக 40 நாள் விலக்கு. பெண் குழந்தையானால் 14 நாளும் 66 நாளுமாக 80 நாள். முடிவில் ஆட்டுக்குட்டி ஒன்றும் பறவை ஒன்றும் காணிக்கை. ஆட்டுக்கு வழியில்லாத ஏழைக்கு இரண்டு புறா போதும். இயேசுவைப் பெற்ற மரியாளும் அந்த ஏழைக் காணிக்கையோடுதான் எருசலேம் தேவாலயத்துக்குப் போனார் என்று லூக்கா எழுதுகிறார்.

பிணத்தைத் தொட்டவனுக்கு 7 நாள் தீட்டு. சிவப்புக் கிடாரியைச் சுட்டெரித்த சாம்பலை ஊற்றுநீரில் கலந்து 3ஆம் நாளும் 7ஆம் நாளும் அவன்மேல் தெளிக்க வேண்டும் என்கிறது எண்ணாகமம் 19ஆம் அதிகாரம். குஷ்டம் நீங்கியவன் பாளயத்துக்குள் வருமுன் ஆசாரியனே பாளயத்துக்கு வெளியே போய் அவனைப் பார்க்க வேண்டும். இரண்டு குருவிகளில் ஒன்றை உயிரோடு பறக்கவிட வேண்டும்.

இந்தச் சட்டங்களில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இந்தத் தீட்டு பாவம் அல்ல. பிள்ளை பெறுவது பாக்கியம், இறந்தவரை அடக்கம் செய்வது கடமை. இரண்டினாலும் தீட்டு வரும். இரண்டாவது, இதற்கு விலக்கானவர் எவருமில்லை. பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியனும் குளித்துத்தான் உள்ளே போக வேண்டும். தீட்டு நீக்கும் தண்ணீரைத் தொடுபவனுக்கே சாயங்காலம் வரை தீட்டு! மூன்றாவது, இது ஒரு நாளில் முடியும். பல தீட்டுகள் குளித்து, பொழுது சாய்ந்ததும் போய்விடும்.

இரத்தமும் பிணமும் சாவை நினைவூட்டுவன. ஜீவனுள்ள தேவனின் சந்நிதியில் சாவின் அடையாளத்தோடு நிற்கலாகாது என்பதே இச்சட்டங்களின் உட்பொருள் என்று ஜேக்கப் மில்க்ரோம் என்ற யூத அறிஞர் விளக்கினார். கி.பி. 70ல் எருசலேம் ஆலயம் அழிந்ததோடு பலியும் சாம்பலும் நின்றுபோயின.

2020ல் கொரோனா காலத்தில் எல்லை கடந்து வந்தவர்களை 14 நாள் தனித்திருக்கச் சொன்னதை நாம் மறக்கவில்லை. யாரையும் பாவி என்று சொல்லி ஒதுக்கவில்லை, நாள் முடிந்ததும் வெளியே வந்தோம். இஸ்ரவேலரின் தீட்டு சுகாதாரச் சட்டம் அல்லவென்றாலும், ஒதுங்குதலும் திரும்புதலும் அதிலும் இப்படித்தான்.

நம் மண்ணில் இருந்த முறை

வேணாட்டில், அதாவது பழைய திருவிதாங்கூரில், அயித்தம் என்ற பெயரில் இருந்த தீட்டோ வேறு வகை. நம்பூதிரியிடமிருந்து புலையர் 96 காலடி தள்ளி நிற்க வேண்டும் என்று லண்டன் மிஷன் போதகர் சாமுவேல் மேட்டீர் 1871ல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். இந்தத் தீட்டுக்குக் குளியல் இல்லை, காணிக்கை இல்லை, பொழுது சாய்வதும் இல்லை. பிறப்போடு வந்து சுடுகாடு வரை கூடவே போயிற்று.

நெய்யாற்றின்கரைக்கு அருகிலுள்ள ஊருட்டம்பலமே இதற்குச் சாட்சி. 1910ஆம் ஆண்டு வாக்கில் பஞ்சமி என்ற புலையர் சிறுமியை அய்யன்காளி அங்குள்ள பள்ளிக்கு அழைத்துச் சென்று பெஞ்சில் உட்காரவைத்தார். பள்ளிக்கே தீ வைத்தார்கள். எரிந்ததுபோக மிஞ்சிய பெஞ்சு இன்றும் அந்தப் பள்ளியில் காக்கப்பட்டு வருகிறது. தீட்டுள்ளவன் தொட்ட மரப்பாத்திரத்தைத் தண்ணீரில் கழுவினால் போதும் என்கிறது லேவியராகமம் 15ஆம் அதிகாரம். இங்கே ஒரு குழந்தை உட்கார்ந்த மரத்தைக் கழுவக்கூட மனம் வரவில்லை!

கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் மகாராஜாவின் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12ஆம் தேதி. 1979ல் திருவனந்தபுரத்திலிருந்து இந்த வழியாகத் தெற்கே ரயில் ஓடத் தொடங்கியபோது, பெட்டிக்குள் எத்தனை காலடி என்று அளந்து உட்கார்ந்தவர் யாருமில்லை.

சபைக்குள் புகுந்தது

ஆனால் கிறிஸ்தவர்கள் இதைக் கேட்டு மார்தட்டிக்கொள்ள இடமில்லை. 2022ல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் பிள்ளை 1745ல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம். அதே ஊரில் 1872ல் கட்டிய தேவாலயத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று நடுவில் சுவர் வைத்தார்கள். அது இடிக்கப்பட்டது 1910ல்தான். ஊருட்டம்பலத்தில் பெஞ்சு எரிந்ததும் ஏறக்குறைய அந்தக் காலமே.

பேறுகாலத் தீட்டும் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆங்கிலிக்கன் சபையின் 1549ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் பிரசவித்த பெண்ணுக்கான ஆராதனைக்குச் 'சுத்திகரிப்பு' என்றே பெயர். 1552ல் அதை 'நன்றி செலுத்துதல்' என்று திருத்தினார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் பிப்ரவரி 2ஆம் தேதித் திருநாளுக்கு இருந்த 'மரியாளின் சுத்திகரிப்பு' என்ற பெயரை 1969ல் வெளியான புதிய நாட்காட்டியில் மாற்றி, 'ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்தல்' என்று வைத்தது. பெயர் மாறியது, பல வீடுகளில் எண்ணம் இன்னும் மாறவில்லை.

இயேசு காட்டிய வழி

12 வருஷம் உதிரப்போக்கால் வாடிய பெண்ணுக்கு நாள் முடியும் தீட்டும் முடியாத தீட்டாகிவிட்டது. அவள் கூட்டத்தில் புகுந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள். அவர் கடிந்துகொள்ளவில்லை, மகளே என்று அழைத்தார். குஷ்டரோகியை அவரே கைநீட்டித் தொட்டார். தொட்டபின் ஆசாரியனிடம் காட்டி முறைப்படி காணிக்கை செலுத்தும்படி அனுப்பினார். முறையை அவர் இகழவில்லை. ஒதுக்கப்பட்டவன் ஊருக்குள் திரும்புவதற்காக ஏற்பட்டது அந்த முறை. அந்த நோக்கத்தை அவர் நிறைவேற்றினார். மனிதனைத் தீட்டுப்படுத்துவது உள்ளிருந்து புறப்படும் பொல்லாத சிந்தனையே என்றும் போதித்தார்.

ஆகவே, பேறுகாலத்து 40 நாளைத் தாய்க்கு ஓய்வாகக் கொடுப்போம், நல்லது. அது முடிந்து அவள் பிள்ளையோடு ஆலயத்துக்கு வருவது நன்றி சொல்லவே. விலக்கு நாள் என்று சொல்லி ஒரு பெண்ணைத் திருவிருந்துக்குத் தூரமாக நிறுத்துகிறவர்கள், வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்ட அந்தப் பெண்ணை நினைத்துப் பார்க்கட்டும். சம்பந்தம் பேசும்போதும் கல்லறைக்கு இடம் ஒதுக்கும்போதும் சாதி கேட்கிறவர்களுக்கு லேவியராகமத்தில் ஆதாரம் கிடையாது. அவர்கள் கைக்கொள்வது நம் முன்னோரைச் சாலையிலிருந்து விரட்டிய அதே பழைய அயித்தமே.