கடல் கடந்து போகும் புகார்

ஒரு படம். அதில் ஒரு சின்னஞ்சிறு குழந்தை. அந்தக் குழந்தைக்கு ஒரு கொடுமை நடக்கிறது. கொடுமை செய்த பாவியே அதைப் படம் பிடித்தான். பிறகு இன்டர்நெட்டில் விட்டான்.

படம் எடுத்தது ஒரு நாட்டில். அதைச் சேர்த்து வைத்திருக்கும் கம்ப்யூட்டர் வேறு நாட்டில். அதைக் காசுக்கு விற்கிறவன் இன்னொரு நாட்டில். ஏதோ தேடும்போது அது கண்ணில் பட்டு, பதறிப் போனவர் நான்காவது நாட்டில்!

இதை எந்த நாட்டுப் போலீசார் பிடிப்பது?

பார்த்தவருடைய ஊர்ப் போலீசாருக்கு, கம்ப்யூட்டர் இருக்கும் நாட்டில் அதிகாரம் இல்லை. அந்த நாட்டுப் போலீசாருக்கோ, இப்படி ஒரு படம் தங்கள் நாட்டில் இருப்பதே தெரியாது. நடுவில் படம் மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும்.

இந்தச் சிக்கலுக்குக் கண்ட வழிதான் "ஹாட்லைன்".

பெயரைக் கேட்டதும் டெலிபோன் என்று நினைத்துவிட வேண்டாம். பெயர் அவ்வளவு பொருத்தம் இல்லைதான். இது பெரும்பாலும் இன்டர்நெட்டிலேயே புகார் வாங்கும் ஒரு நிலையம். பார்த்த பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும். பெரும்பாலான ஹாட்லைன்களில் புகார் கொடுப்பவர் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த தெருவுக்குப் போன திருடன்

1996-ம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டில் தொண்டர்கள் சிலர் சேர்ந்து இப்படி ஒரு நிலையத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தில் "இன்டர்நெட் வாட்ச் பவுண்டேஷன்" பிறந்தது. 1998-ம் ஆண்டில் அமெரிக்காவில் "சைபர் டிப்லைன்" வந்தது.

இங்கிலாந்தில் நல்ல பலன் கிடைத்தது. 1996-ல், தெரியவந்த இத்தகைய படங்களில் 100-க்கு 18 இங்கிலாந்துக் கம்ப்யூட்டர்களில் இருந்தன. 2003-க்குள் அது 100-க்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது.

ஆனால் படங்கள் உலகை விட்டு ஒழிந்தனவா? இல்லை. ஒரு தெருவில் காவல் பலமானால் திருடன் அடுத்த தெருவுக்குப் போவான் அல்லவா? அதே கதைதான்! ஒரு நாடு மட்டும் தன் வாசலைக் காத்துக்கொண்டால் போதாது என்பது தெளிவாகிவிட்டது.

1999-ம் ஆண்டில் ஹாட்லைன்கள் கைகோத்துக்கொண்டன. அந்தச் சங்கத்தின் பெயர் "இன்ஹோப்". அதன் தலைமை அலுவலகம் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் இருக்கிறது. இன்று 50-க்கும் மேற்பட்ட ஹாட்லைன்கள் அதில் சேர்ந்திருக்கின்றன.

புகார் எப்படிப் போகிறது?

ஜெர்மனியில் ஒருவர் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் புகார் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மன் ஹாட்லைனில் பயிற்சி பெற்ற ஊழியர் அதை ஆராய்கிறார். இது சட்டப்படி குற்றமா என்று முதலில் பார்க்கிறார். அடுத்து, கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார். இன்டர்நெட்டில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வீட்டுக் கதவு எண் போல ஒரு எண் உண்டு. அதை வைத்து நாட்டைக் கண்டுபிடிக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் கனடாவில் இருந்தால், தகவல் கனடா ஹாட்லைனுக்குப் பறக்கிறது. அங்குள்ளவர்கள் தங்கள் நாட்டுப் போலீசாருக்குச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரை வாடகைக்கு விட்டிருக்கும் கம்பெனிக்கும், "உடனே எடுத்துவிடு" என்று சொல்கிறார்கள். சில படங்கள் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். சில கம்பெனிகள் இழுத்தடிக்கும்.

இந்தத் தகவல்களை நாடு விட்டு நாடு அனுப்புவதற்கென்றே "ஐசிகேம்" என்ற ஏற்பாடு 2015-ல் வந்தது. அதிலிருந்து படங்கள் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் போலீசான இன்டர்போலுக்கும் போகின்றன.

அங்கேதான் முக்கியமான வேலை நடக்கிறது. படத்தை அழித்தால் மட்டும் போதுமா? அந்தக் குழந்தை இன்னமும் அதே பாவியின் கையில் இருந்தால்?

படத்தின் பின்னணியை அதிகாரிகள் அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார்கள். சுவரில் உள்ள மின்சார பிளக் எந்த நாட்டு மாதிரி? மேஜை மேல் இருக்கும் மிட்டாய்க் காகிதத்தில் என்ன மொழி? சின்ன துப்பு போதும். எந்த நாடு என்று தெரிந்துவிடும். பல நாட்டுப் போலீசாரும் சேர்ந்து பார்க்கும் இன்டர்போல் படத்தொகுப்பின் உதவியால் இதுவரை 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள்.

படத்துக்கும் கைரேகை!

ஒரே படத்தை ஆயிரம் பேர் ஆயிரம் இடத்தில் போட்டால், ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

2009-ம் ஆண்டில் மைக்ரோசாப்ட் கம்பெனியும், அமெரிக்கப் பேராசிரியர் ஹனி பரீத்தும் சேர்ந்து இதற்கு ஒரு வழி செய்தார்கள். "போட்டோ டி.என்.ஏ." என்று பெயர். படத்தை ஒரு நீண்ட எண் வரிசையாக அது மாற்றிவிடும். மனிதனுக்குக் கைரேகை மாதிரி, படத்துக்கு இந்த எண். படத்தின் அளவைக் கொஞ்சம் மாற்றினாலும், நிறத்தை மாற்றினாலும் அகப்பட்டுக்கொள்ளும். இந்த எண்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, யாராவது அதே படத்தை மறுபடி ஏற்றும்போதே பெரிய கம்பெனிகள் கண்டுபிடித்துவிடுகின்றன.

அப்படிக் கண்டுபிடித்தால் அமெரிக்கக் கம்பெனிகள் சைபர் டிப்லைனுக்குச் சொல்லியாக வேண்டும். அது அந்த நாட்டுச் சட்டம். 2023-ம் ஆண்டில் மட்டும் அங்கே வந்து குவிந்த தகவல்கள் 3 கோடியே 62 லட்சம்! பெரும்பாலானவை வேறு நாடுகளைச் சேர்ந்தவை. இந்தியா பற்றிய தகவல்களைப் பெறுவதற்காக, டெல்லியில் உள்ள தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2019-ல் ஒப்பந்தம் செய்துகொண்டது.

சென்னை வரை வந்த தகவல்

2020-ம் ஆண்டு ஜனவரியில் டெல்லியிலிருந்து அப்படி ஒரு சைபர் டிப்லைன் தகவல் தமிழ்நாட்டுப் போலீசாருக்கு வந்தது. அம்பத்தூர் மகளிர் போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு வாலிபர். "படத்தைத் தனியாகப் பார்த்தது குற்றமாகாது" என்று 2024 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு அந்த வழக்கை ரத்து செய்தது.

சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. 2024 செப்டம்பர் 23-ந் தேதி வழக்கு மீண்டும் உயிர் பெற்றது. இத்தகைய படத்தை அழிக்காமலும், புகார் செய்யாமலும், பிறருக்குப் பரப்பும் எண்ணத்தோடு வைத்திருப்பது போக்சோ சட்டப்படி குற்றம் என்று நீதிபதிகள் விளக்கினார்கள். இவற்றை "ஆபாசப் படம்" என்ற வகையில் சொல்வதே தவறு. குழந்தை மீது நடந்த கொடுமையின் பதிவு இது. கோர்ட்டுகள் இனி அப்படியே குறிப்பிட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

வெட்கப்பட வைத்த நாடு

நெதர்லாந்து கதை விசித்திரமானது. இன்ஹோப்பின் தலைமை அலுவலகம் அங்கே. முதல் ஹாட்லைன்களில் ஒன்றும் அங்கே. ஆனால் 2019-ல் இங்கிலாந்து அமைப்பு கண்டுபிடித்த பக்கங்களில் 100-க்கு 71 அந்த நாட்டுக் கம்ப்யூட்டர்களில்தான் இருந்தன!

காரணம்? அங்கே இன்டர்நெட் வேகம் அதிகம். கம்ப்யூட்டர் வாடகை மலிவு. யோக்கியனுக்கு வசதியான இடம் அயோக்கியனுக்கும் வசதிதானே?

அந்த அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் படத்தை எடுக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்குச் சொன்னது. இழுத்தடித்த கம்பெனிகளின் பெயர்களை 2020-ல் பகிரங்கமாக வெளியிட்டது.

இந்த வேலையைச் செய்கிறவர்களும் மனிதர்கள்தானே? நாள் முழுவதும் அந்தக் கொடுமையைப் பார்க்கிறார்கள். வீட்டுக்குப் போனால் அவர்களுக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். இங்கிலாந்து அமைப்பில் ஊழியர்கள் மனநல ஆலோசகரைக் கட்டாயம் சந்திக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

பகிராதீர்கள்!

நம் ஊரில் சிலர் ஒரு தவறு செய்கிறார்கள். இப்படி ஒரு வீடியோ வந்தால், "அநியாயத்தைப் பாருங்கள்" என்று கோபத்தோடு பத்துப் பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் அனுப்புவது குற்றம். அந்தக் குழந்தையின் மானம் இன்னும் பத்துக் கைகளுக்குப் போகிறது.

மத்திய உள்துறை நடத்தும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலே இதைப் பற்றிப் புகார் கொடுக்கலாம். ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது.

மிரட்டலில் சிக்கிய பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. "படத்தை எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன்" என்று ஒருவன் பயமுறுத்துகிறான். அப்பா அம்மாவிடம் சொல்லப் பயம். இப்படித் தவிக்கும் பிள்ளைகளுக்காக, சைபர் டிப்லைனை நடத்தும் அமெரிக்க அமைப்பு "டேக் இட் டவுன்" என்ற இலவச சேவையை 2023-ல் அறிவித்தது. 18 வயதுக்கு முன் எடுத்த படமாக இருக்க வேண்டும். எந்த நாட்டுப் பிள்ளையும் பயன்படுத்தலாம். பெயர் கேட்பதில்லை. படத்தையும் கேட்பதில்லை. படத்தின் "கைரேகை" எண், பிள்ளையின் போனிலேயே தயாராகிறது. அந்த எண் மட்டும்தான் கம்பெனிகளுக்குப் போகிறது. படம் போனை விட்டு வெளியே போவதே இல்லை.