ஆயில் ஃபில்டர் இடமாற்று அமைப்பு (டர்போ கார்கள்)

ஆயில் ஃபில்டர் இடமாற்று அமைப்பு என்பது, எஞ்சினின் பக்கவாட்டில் திருகப்பட்டிருக்கும் எண்ணெய் வடிகட்டியை அங்கிருந்து எடுத்து, இரண்டு ஹோஸ் குழாய்கள் வழியாகக் கை எட்டும் வேறோர் இடத்தில் பொருத்த உதவும் உதிரிபாகங்களின் தொகுப்பாகும். பந்தயக் கார்களிலும், பின்னாளில் டர்போ சேர்க்கப்பட்ட கார்களிலும் இது பயன்படுகிறது. தொழிற்சாலையிலேயே டர்போவுடன் வரும் கார்களுக்குப் பெரும்பாலும் இது தேவைப்படுவதில்லை. காரைக்கால் போன்ற கடலோர ஊர்களில் இதைத் தெரிவு செய்யும்போது உப்புக்காற்றையும் மழைநீரையும் சேர்த்தே கணக்கில் கொள்ள வேண்டும்.

டர்போவும் எண்ணெயும்

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தால் டர்போவின் தண்டு சுழல்கிறது. அதன் வேகம் நிமிடத்திற்கு 1 லட்சம் சுற்றுகளைத் தாண்டும். பெரும்பாலான டர்போக்களில் இந்தத் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்தபடியே சுழல்கிறது. சம்ப் எனப்படும் அடித்தொட்டியிலிருந்து பம்பு உறிஞ்சும் எண்ணெய், ஃபில்டரைக் கடந்த பிறகே பேரிங்குகளுக்கும் டர்போவுக்கும் செல்கிறது. ஆகவே ஃபில்டரின் பாதையில் ஏற்படும் எந்தத் தடையும் டர்போவைப் பாதிக்கும்.

எப்போது தேவை?

டர்போவின் சூடான குழாய்கள் ஃபில்டரை ஒட்டிச் செல்வதால் அதைக் கழற்ற இடமில்லாதபோதும், ஒரு காரின் எஞ்சினை வேறொரு காரில் ஏற்றும்போது சட்டம் குறுக்கிடும்போதும் இடமாற்றம் தேவையாகிறது. எண்ணெயைக் குளிர்விப்பது மட்டுமே நோக்கமானால் இது தீர்வாகாது. ஹோஸ்களின் வழியே சிறிதளவு வெப்பமே வெளியேறும். குளிர்விக்கத் தெர்மோஸ்டாட்டுடன் கூடிய ஆயில் கூலரே ஏற்றது.

ஃபில்டரின் வகையையும் முதலில் பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் போலோவில் வந்த 1.0 டிஎஸ்ஐ எஞ்சினில் உள்ளது திருகிப் பொருத்தும் டப்பா வகை. மாருதி ஸ்விஃப்ட் டீசலில் வந்த 1.3 டிடிஐஎஸ் எஞ்சினில் இருப்பதோ கூட்டுக்குள் வைக்கும் தாள் வகை. கடைகளில் கிடைக்கும் பொதுவான தொகுப்புகள் டப்பா வகைக்கே பொருந்தும்.

தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

மரை: 3/4 அங்குல மரையும் 20 மி.மீ. மரையும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றை மற்றொன்றில் வலிந்து திருகினால் மரை தேயும்; எண்ணெய் கசியும். பழைய ஃபில்டரின் எண்ணைக் கொண்டு அளவை உறுதிசெய்வது நல்லது.

உள்விட்டம்: சீராக ஓடும் திரவத்திற்குக் குழாய் தரும் தடை, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 14 மி.மீ. குழாய்க்குப் பதில் 11 மி.மீ. குழாயைப் பொருத்தினால், அதே நீளத்திற்குத் தடை ஏறத்தாழ 2.6 மடங்காகும். எனவே விலை குறைவு என்பதற்காக மெல்லிய குழாயை வாங்கக் கூடாது. குழாயின் நீளமும் வளைவுகளும் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நன்று.

குழாயின் தரம்: சூடான எஞ்சின் எண்ணெய்க்கென்றே செய்யப்பட்ட ஹோஸும் அதற்குரிய இணைப்புகளும் வேண்டும். தண்ணீர்க் குழாயைக் கிளிப் போட்டு இறுக்குவது ஆபத்து. எஞ்சினுக்குப் போகும் எண்ணெய் முழுவதும் இக்குழாய்களில் செல்வதால், ஒன்று பிய்ந்தால் சம்ப் மிக விரைவில் காலியாகிவிடும். சிந்தும் எண்ணெய் சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பற்றவும் கூடும்.

வால்வுகள்: அடைப்பு ஏற்படும்போது திறக்கும் பைபாஸ் வால்வு சில எஞ்சின்களில் பிளாக்கிலும், சிலவற்றில் ஃபில்டருக்குள்ளும் இருக்கும். மாற்று ஃபில்டர் அதற்கேற்ப அமைய வேண்டும். எஞ்சின் நின்றதும் எண்ணெய் பின்வாங்காமல் தடுக்கும் வால்வும் அவசியம். அது இல்லையெனில் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் டர்போ சில நொடிகள் எண்ணெயின்றிச் சுழலும்.

திசை: வழக்கமான ஃபில்டரில் எண்ணெய் ஓரத் துளைகளில் நுழைந்து நடுத்துளை வழியாக வெளியேறும். இரு ஹோஸ்களையும் மாற்றி இணைத்தால் பின்வாங்கல் தடுப்பு வால்வு மூடிக்கொள்ளும்; எஞ்சினுக்கு எண்ணெய் போகாது. ஆகவே கழற்றும் முன்பே குழாய்களில் அடையாளமிட வேண்டும்.

காரைக்கால் சூழல்

காரைக்கால் காவிரியின் கடைமடைப் பகுதி. அரசலாறு இங்குதான் கடலில் கலக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் தாழ்வான தெருக்களில் நீர் தேங்குவதுண்டு. பம்பருக்கு அடியிலோ சக்கர வளைவிலோ ஃபில்டரைத் தாழ்வாகப் பொருத்தினால் சேறும் கல்லும் அடிக்கும். தகர டப்பா துருப்பிடிக்கும். எஞ்சின் அறைக்குள் உயரமாகவும் புகைக்குழாயிலிருந்து விலகியும் உள்ள இடமே ஏற்றது.

உப்புக்காற்றில், துருப்பிடிக்காத எஃகுப் பின்னலும் அலுமினிய இணைப்பும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கப்படலாம். எஃகுப் பின்னல் அருகிலுள்ள ஒயரையும் குழாயையும் உராய்ந்து தேய்க்கவும் செய்யும். துணிப் பின்னல் உறையுள்ள ஹோஸ் இவ்விரு தொல்லைகளையும் குறைக்கும்.

பொருத்திய பின்

தலா 1 மீட்டர் நீளமும் 14 மி.மீ. உள்விட்டமும் உள்ள இரு ஹோஸ்கள் ஏறத்தாழ 300 மி.லி. எண்ணெயைக் கூடுதலாகக் கொள்ளும். ஃபில்டரில் எண்ணெய் நிரப்பி, எரிபொருளைத் துண்டித்து, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, கசிவைப் பார்த்து, நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவைச் சரிசெய்ய வேண்டும். அழுத்தமானியைப் பொருத்துவதானால் ஃபில்டருக்குப் பிந்தைய பாதையில், எஞ்சின் பிளாக்கில் பொருத்துவதே சரி. பேரிங்குகளுக்கு உண்மையில் சேரும் அழுத்தத்தை அதுவே காட்டும். ஓட்டும்போது அழுத்த விளக்கு எரிந்தால் உடனே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும்.

மாற்று வழி

உத்தரவாதக் காலத்தில் உள்ள காரில் இம்மாற்றத்தைச் செய்தால், எஞ்சின் பழுதுக்கான உத்தரவாதம் மறுக்கப்படக்கூடும். அன்றாடப் பயணத்திற்கு மட்டும் ஓடும் டர்போ காரில், நிறுவனம் குறிப்பிட்ட தர எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதும், நெடுஞ்சாலையில் வேகமாக வந்தபின் ஓரிரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு எஞ்சினை அணைப்பதும் டர்போவைக் காக்கும் எளிய வழிகளாகும்.